வெயில் விழாத சந்துக்கு ஒரு மாத்திரை

"அண்ணாச்சி, அந்த அறுபதாயிரம் நாலு குடுங்க." கடைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் முதல் நாள் இதைக் கேட்டுக் கல்லாப்பெட்டியைத்தான் பார்ப்பார்கள். கேட்டது பணம் இல்லை, வைட்டமின் டி. ஒரு பாக்கெட்டில் 60,000 யூனிட் உள்ள பொடி, பாலில் கலக்கிக் குடிப்பது. மும்பை தாராவியின் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தின் முனையில் எனக்கு மருந்துக் கடை. போட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது. முதல் பத்து வருஷத்தில் இந்தப் பாக்கெட்டை மாதத்துக்கு நாலு பேர் கேட்டிருந்தால் அதிகம். இன்றைக்கு அது காய்ச்சல் மாத்திரைக்குப் பக்கத்துத் தட்டில், கை எட்டுகிற உயரத்தில் இருக்கிறது.

விற்கிறவன் நான். அதனால் இதைப் பற்றி நான் எழுதுவதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பதே நியாயம். ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது. தேவைப்படாத ஆள் நிறைய வாங்கிப் போகிறார். தேவைப்படுகிற ஆள் கடைப்பக்கமே வருவதில்லை; வந்தாலும் வேறு ஏதோ கேட்டுவிட்டுப் போகிறார்.

அப்படி வேறு கேட்டு வந்தவர் எங்கள் பின்சந்தில் குடியிருக்கும் ஒரு தையல்காரப் பெண். நாற்பதைத் தாண்டவில்லை. கீழே மாமியாரின் பழைய அறை, மேலே மாளா என்கிற பரண் அறை. ஏறுவதற்குச் சுவரோடு ஒட்டி நிற்கும் இரும்பு ஏணி. மாளாவில்தான் மிஷின். காலை ஒன்பதுக்கு டியூப் லைட்டைப் போட்டால் இரவு ஒன்பதுக்கு அணைப்பார். இடுப்புவலிக்குத் தைலம் கேட்டு மூன்று மாதமாக வந்துகொண்டிருந்தார். ஒருநாள் கூட்டமாக இருந்ததால் ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். எழுந்திருக்கும்போது இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, ஒரு கணம் நிதானித்து, பிறகுதான் நிமிர்ந்தார்.

"ஏணி எப்படிக்கா ஏறுதீய?"

"எங்க அண்ணாச்சி ஏற? கம்பியப் புடிச்சு இழுத்துல்லா ஏறுதேன். காலு எங்கூட வரமாட்டேங்கு."

தைலத்தைக் கொடுக்காமல் நகராட்சி மருத்துவமனைக்கு அனுப்பினேன். ரத்தத்தில் வைட்டமின் டி எட்டு என்று வந்தது. இருபதுக்குக் கீழே போனால் குறைபாடு என்பது பொதுவான கணக்கு. எலும்பு வலிப்பதும், தொடையும் இடுப்பும் சோர்ந்து உட்கார்ந்தால் எழமுடியாமல் போவதும், படி ஏறச் சிரமப்படுவதும் பெரியவர்களுக்கு வரும் எலும்பு மென்மை நோயின் பழைய அடையாளங்கள். குழந்தைக்கு வந்தால் கால் வளையும், ரிக்கெட்ஸ் என்பார்கள். வாரம் ஒரு பாக்கெட் வீதம் எட்டு வாரமும், கூடவே கால்சியமும் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் அவர் ஒரு கையில் துணிமூட்டையோடு ஏணி ஏறியதை நானே பார்த்தேன். வைட்டமின் டி எல்லாம் கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதை என்று சொல்கிற படித்த நண்பர்களுக்காக இதை முதலில் சொல்லிவைக்கிறேன்.

மருத்துவமனையில் அவரிடம் இன்னொன்றும் சொன்னார்களாம்: தினமும் அரைமணி நேரம் வெயிலில் நில்லுங்கள். எங்கே நிற்பது என்று சொல்லவில்லை.

இந்த அறிவுரையைக் கேட்டு எனக்குச் சலித்துப்போய்விட்டது. போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸ் எடுத்துக்கொண்டு சந்தில் உட்கார்ந்தேன். சந்தின் அகலம் நாலடி. இரண்டு பக்கமும் வீட்டுக்கு மேல் வீடு, அதற்கு மேல் தகரம், தகரத்துக்கு மேல் போன மழைக்காலத்து நீலத் தார்ப்பாய். குறுக்கே கரண்டு வயர், தண்ணீர்க் குழாய், காயும் துணி. தரையில் வெயில் எங்கே விழுகிறது என்று கோடு போட்டேன். பன்னிரண்டே காலுக்கு மேற்குச் சுவரின் அடியில் ஒரு கோடு வந்தது. மெல்ல நகர்ந்து, பன்னிரண்டு ஐம்பதுக்குக் கிழக்குச் சுவரில் ஏறிவிட்டது. ஒரே இடத்தில் ஓர் ஆள் நின்றால் இருபது நிமிஷம் கிடைக்கும். அந்த இருபது நிமிஷமும் சோறு வடிக்கிற நேரம்.

அந்தக் கோட்டில் ஏற்கெனவே ஆள் இருந்தது, அப்பளம். எங்கள் சந்தில் ஏழெட்டுப் பெண்கள் கூலிக்கு அப்பளம் இடுகிறார்கள். கவிழ்த்த கூடைமேல் அப்பளத்தைப் பரப்பி, வெயில் நகர நகரக் கூடையையும் நகர்த்துவார்கள். கூடை வெயிலில் இருக்கும், அவர்கள் திண்ணை நிழலில் இருப்பார்கள். அதன்பிறகு போகிற இடமெல்லாம் இதையே பார்க்க ஆரம்பித்தேன். குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவில் முற்றம் உண்டு, அங்கே வெயில் காய்வது பானை. பதின்மூன்றாம் காம்பவுண்டில் மொட்டைக் கூரைமேல் கழுவிப் பரப்பிய பிளாஸ்டிக் சில்லு காய்கிறது. தாராவியில் விழுகிற வெயில் முக்கால்வாசி சரக்குக்கே போய்விடுகிறது.

காலை ஏழு மணி இளவெயில் நல்லது, மாலை வெயில் நல்லது என்று ஒரு நம்பிக்கை நம் வீடுகளில் உண்டு. உடம்புக்கு இதமாக இருக்கலாம், வைட்டமினுக்கு உதவாது. தோலில் இதைச் செய்வது வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர். சூரியன் சாய்வாக இருக்கும்போது காற்று மண்டலமே அதை வடிகட்டிவிடும். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிற நேரத்தில்தான் அது போதுமான அளவு வந்து சேரும். திருப்பதியில் டாக்டர் ஹரிநாராயண் குழுவினர் சோதித்துப் பார்த்ததில், காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 வரைதான் சரியான நேரம் என்று தெரிந்தது. மும்பையில் சூரியன் உச்சிக்கு வருவதே பன்னிரண்டரை வாக்கில். கண்ணாடி ஜன்னல் வழியே அந்தக் கதிர் வராது. நம்முடைய கறுத்த தோலுக்கு வெள்ளைத் தோலைவிடப் பல மடங்கு நேரம் வேண்டும். புகையும் தூசியும் வேறு. 2002-இல் வெளிவந்த ஒரு டெல்லி ஆய்வில், புகை மண்டிய மோரி கேட் பகுதிக் குழந்தைகளின் ரத்தத்தில் இருந்த வைட்டமின் டி, காற்று சுத்தமாக இருந்த குர்காவ் குழந்தைகளுக்கு இருந்ததில் பாதிகூட இல்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1922-இல் ஹட்சிசன், ஷா என்ற இரு மருத்துவர்கள் நம் நாசிக் பக்கத்து நிலைமையை எழுதினார்கள். நல்ல சாப்பாடு சாப்பிட்டு, கோஷா முறையால் வீட்டுக்குள்ளேயே இருந்த வசதியான குடும்பத்துப் பெண்பிள்ளைகளுக்கு எலும்பு வளைந்தது. அரைவயிற்றுக் கஞ்சியோடு காட்டில் மேட்டில் அலைந்த ஏழைப் பிள்ளைகளுக்கு அந்த நோய் இல்லை. நூறு வருஷத்தில் கணக்கு தலைகீழாகிவிட்டது. இப்போது ஏழைதான் வீட்டுக்குள் இருக்கிறான், வீடுதான் பட்டறை. புனேயில் ஒரு குடிசைப் பகுதியில் சின்னக் குழந்தைகளைப் பார்த்தபோது, வெளியே வெயிலில் விளையாட விடப்பட்டவர்களைவிட வீட்டுக்குள் வைக்கப்பட்டவர்களுக்குக் குறைபாடு பல மடங்கு அதிகம் இருந்தது. 2011-இல் நம் கே.இ.எம். மருத்துவமனை மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், 25 முதல் 35 வயதுக்குள் நோய்நொடி இல்லாத 1,137 பேரில் 70 சதவீதம் பேர் இருபதுக்குக் கீழே இருந்தார்கள். வெயில் கொளுத்துகிற ஊர் என்ற பெயர் நமக்கு எதற்கு?

என் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. நாங்குநேரிப் பக்கம் வயலில் கிடந்த உடம்பு. கல்யாணமாகி இங்கே வந்து அறுபது வருஷம். அம்மாவுக்குத் தினம் ஆயிரம் யூனிட் மாத்திரை ஒன்று கொடுத்துவருகிறேன். எதற்கு என்று கேட்டாள். வெயில் செய்கிற வேலையை இது செய்யும் என்றேன்.

"ஊர்ல அது சும்மால்லா கெடந்துச்சு. இங்க அதுக்கும் நீ துட்டு வாங்குத."

பதில் சொல்ல முடியாமல் கடைக்குப் போய்விட்டேன்.

இப்போது என் பக்கத்துத் தவறு. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்ட நேரத்தில் என் கடையிலிருந்து எட்டு பாக்கெட் ஓர் அம்மாளுக்குப் போனது. கவர்மேல் 'வாரம் ஒன்று' என்று எழுதவேண்டும், பையன் எழுதவில்லை, நான் பார்க்கவில்லை. அவர் தினம் ஒன்று குடித்தார். அலுப்பு போய்விட்டது போல் தோன்றியதாம். தீர்ந்ததும் வேறு கடையில் பழைய கவரைக் காட்டி வாங்கினார், மறுபடி வாங்கினார். நாற்பது நாளில் வாந்தி, நாக்கு வறட்சி, மலச்சிக்கல், பிதற்றல். மருத்துவமனையில் சேர்த்துப் பார்த்தால் ரத்தத்தில் கால்சியம் ஏகத்துக்கு ஏறி, சிறுநீரகம் திணறிக்கொண்டிருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இது கொழுப்பில் கரைந்து தங்குகிற சரக்கு. நிறுத்திய மறுநாளே இறங்காது, இறங்க மாதங்கள் ஆயின. அவர் மகன் கடைக்கு வந்து சத்தம் போட்டான். வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டேன், போடவேண்டிய சத்தம்தான் அது.

அன்றிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் கிழமையை எழுதுகிறேன். ஒன்றில் 'வெள்ளி', அடுத்ததில் 'அடுத்த வெள்ளி'. எழுதும்போது மனம் ஒரு கணக்குப் போடும். ஐ.சி.எம்.ஆர். சொல்கிற தினத் தேவை பெரியவர்களுக்கு 600 யூனிட். நீண்ட காலத்துக்குத் தாங்கும் என்று வகுத்திருக்கிற மேல் எல்லை தினம் 4,000. வாரம் ஒரு 60,000 என்றால் ஒரு நாளைக்கு எட்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல். குறைபாடு உறுதியான ஆளுக்கு எட்டு வாரம் தரலாம், அது சிகிச்சை. அதையே வருஷக்கணக்கில், சீட்டு இல்லாமல், 'ஒடம்பு நல்லாருக்க' என்று வாங்கிப்போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மாட்டுங்காவிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி வருவார். தினமும் திறந்தவெளியில் டென்னிஸ் ஆடுகிற மனிதர். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிற முழு உடல் பரிசோதனையில் இருபத்தாறு என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. சிவப்பைக் கறுப்பாக்க நாலு வருஷமாகக் குடித்துக்கொண்டிருக்கிறார். 2011-இல் முப்பதை நல்ல அளவாகச் சொன்ன அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கமே 2024-இல் அதைக் கைவிட்டு, ஆரோக்கியமான ஆட்களுக்குச் சும்மா சோதனை செய்யவேண்டாம் என்று சொல்லிவிட்டது. சொன்னால் அவர் கேட்கமாட்டார், ரிப்போர்ட்டைக் காட்டுவார். சோதனைக்கு அவர் கொடுத்த காசில் எங்கள் தையல்காரப் பெண் ஒரு வருஷத்துக்கு ஆயிரம் யூனிட் மாத்திரை வாங்கலாம்.

இந்த மாத்திரை எல்லா நோய்க்கும் கேடயம் என்ற பேச்சும் அடிபட்டுப்போயிற்று. அமெரிக்காவில் 25,871 பேருக்குத் தினம் 2,000 யூனிட்டோ வெறும் மாத்திரையோ கொடுத்து ஐந்து வருஷத்துக்கு மேல் பார்த்தார்கள். புற்றுநோய் வருவது குறையவில்லை, மாரடைப்பு குறையவில்லை, எலும்பு முறிவுகூடக் குறையவில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குக் குறைபாடே இல்லை. நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்த கதை. எங்கள் மாளாக்களில் இருக்கிற குடங்கள் வேறு.

ஆகவே எனக்குத் தெரிந்த வியாபாரக் கணக்கில் சொல்கிறேன். வெயில் படாத வேலையில், வெயில் படாத வீட்டில் இருக்கிறவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும், தினம் 600 முதல் 1,000 யூனிட் வரை சின்ன மாத்திரை போதும். அதற்கு ரத்தச் சோதனை வேண்டியதில்லை. சிறுநீரகக் கோளாறோ கல்லோ உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கட்டும். எலும்பு வலிக்கிறது, எழ முடியவில்லை என்றால் அது தடுப்புக் கட்டத்தைத் தாண்டிவிட்டது, மருத்துவமனைக்குப் போகவேண்டும். இந்த மாத்திரையை வாங்கிக்கொண்டு டீயும் பாவு ரொட்டியும் மட்டும் சாப்பிட்டாலும் பிரயோஜனம் இல்லை, எலும்புக்குக் கால்சியம் வேண்டும். கேழ்வரகை ஊரோடு விட்டுவிட்டு வந்தவர்கள் நாம்.

பால், எண்ணெய்ப் பாக்கெட்டுகளில் நீல நிறத்தில் எஃப் எழுத்தும் கூட்டல் குறியும் போட்டு வருகிறது, கவனித்திருப்பீர்கள். வைட்டமின் ஏ, டி சேர்த்தது என்று அர்த்தம். நல்ல ஏற்பாடு. ஆனால் அப்படிச் சேர்த்த பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட்தான். அரை லிட்டரை ஐந்து பேர் டீயாகக் குடித்தால் தலைக்கு என்ன வரும்? தபேலா என்கிற மாட்டுத் தொழுவத்திலிருந்து வரும் எருமைப்பாலில் அதுவும் கிடையாது.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வருவது கைக்குழந்தைகள் விஷயத்தில். தாய்ப்பாலில் வைட்டமின் டி மிகக் குறைவு, தாய்க்கே இல்லாதபோது இன்னும் குறைவு. பிறந்ததிலிருந்து ஒரு வயது வரை தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுங்கள் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. தனியார் மருத்துவமனையில் பிறந்த பிள்ளைக்கு முதல் சீட்டிலேயே அது எழுதப்பட்டு வருகிறது. என் கடைக்கு வரும் மற்ற சீட்டுகளில் அபூர்வம். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் கால்சியம் மாத்திரையில் ஒன்றுக்கு 250 யூனிட், தினம் இரண்டு. பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை உண்டு. அந்த யோசனை வந்தவர்களுக்குப் பிள்ளையின் நினைப்பு ஏன் வரவில்லை? தடுப்பூசி அட்டையோடு தாய்மார்கள் நகராட்சி மையத்துக்கு எப்படியும் வருகிறார்கள். வைட்டமின் ஏ அங்கேதான் வாயில் ஊற்றப்படுகிறது. அதே மேஜையில் ஒரு டி பாட்டிலும் சொட்டுக்குழாயும் கொடுத்தனுப்பினால் என்ன? கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை: கடையில் மில்லிக்கு 400 யூனிட் பாட்டிலும் உண்டு, 800 பாட்டிலும் உண்டு. முதலாவதில் ஒரு மில்லி, இரண்டாவதில் அரை மில்லி. இதைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் அட்டைமேல் அச்சடிக்கவேண்டும். என் அனுபவத்தில் மருந்தைவிட அந்த அட்டைக்குத்தான் அதிகம் யோசிக்கவேண்டும்.

மாத்திரையைப் பற்றி இவ்வளவு சொன்னவன் அதன் எல்லையையும் சொல்லவேண்டும். தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்கள். தகுதி உள்ளவருக்கு 350 சதுர அடி வீடு. நூறு சதுர அடியில் பிள்ளை பெற்று வளர்த்த ஜனம், சந்தோஷம்தான். எங்கள் கூட்டங்களில் சதுர அடி பேசுகிறோம், வாடகை பேசுகிறோம், கடைக்கு இடம் பேசுகிறோம். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே எத்தனை அடி, இரண்டாம் மாடி ஜன்னலில் நண்பகலில் வெயில் விழுமா என்று ஒருவரும் கேட்டு நான் பார்க்கவில்லை. செம்பூருக்கு அடுத்த கோவண்டி, மான்குர்து பக்கம் லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் என்று குடிசைவாசிகளைக் கொண்டுபோய் வைத்த குடியிருப்புகள் இருக்கின்றன. ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் மாடிகள். டாக்டர்ஸ் ஃபார் யூ என்ற அமைப்பு அங்கே வீடுவீடாகப் பார்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வெளிச்சமும் காற்றும் வராத கீழ்மாடி வீடுகளில் காசநோய் அதிகம் என்று தெரிந்தது.

அதற்கும் வைட்டமின் டி கொடுத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மங்கோலியாவில் 8,851 பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று வருஷம் வாராவாரம் கொடுத்துப் பார்த்தார்கள், 2020-இல் முடிவு வந்தது. ரத்தத்தில் அளவு நன்றாக ஏறியது, காசநோய்த் தொற்று குறையவில்லை. ஜன்னல் கொண்டுவரும் காற்றையும் வெளிச்சத்தையும் நான் மாத்திரைப் பட்டையில் வைத்து விற்க முடியாது.

தையல்காரப் பெண் போன வாரம் கடைக்கு வந்தார். அவருக்கு இப்போது தினம் ஆயிரம் யூனிட் மட்டும்தான். தனக்கு ஒரு பட்டை வாங்கிக்கொண்டு, கோவண்டிக்குக் குடிபோன தன் அக்காவுக்கும் ஒன்று வேண்டும் என்றார். சமீபமாக அவளும் தொடையில் கை ஊன்றித்தான் எழுகிறாளாம். மாத்திரை போதாது, முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். பிறகு கேட்டேன்:

"எத்தனாவது மாடி?"

"ரெண்டாவது."

"ஜன்னல் இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி. தொறந்தா எதுத்த வீட்டு ஜன்னல்தான் தெரியும். அதான் எப்பவும் சாத்தியே வச்சிருக்கா."